புங்குஸ் அத்தை

நஜீபா கடைசித் தாளையும் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சிரிப்பு வரலையே, செல்வா."

புஞ்சாக் ஆலாமில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய கார்ட்டூன் ஸ்டூடியோ. நஜீபா வரைந்து இயக்குவாள். கதையும் வசனமும் செல்வா. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக் கூத்துகளை வாரம் ஒன்றாகச் சொன்ன அவர்களுடைய தொடர் போன வருடம் நாடு முழுக்க ஓடியது. ஓட வைத்தவள் புங்குஸ் அத்தை. எந்த விருந்துக்குப் போனாலும் கைப்பையில் பிளாஸ்டிக் பைகளை மடித்து எடுத்துப் போய், மிச்சமானதையெல்லாம் 'புங்குஸ்' என்று மலாயில் சொல்லும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வரும் குண்டு அத்தை. "குழம்பைத் தனியா கட்டுலா, சோறு ஊறிப்போயிடும்" என்று கிள்ளானிலும் ஈப்போவிலும் பள்ளிப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

சேனல்காரர்கள் இரண்டாவது சீசன் கேட்டிருந்தார்கள். அத்தைதான் எல்லாக் கதையிலும் நடுவில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"போன சீசனுக்கு என்ன எழுதுனாங்க பார்த்தவங்க? எங்க மாமி அப்படியே இதான்னு எழுதுனாங்க. ஒரு சீன அம்மா, எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒருத்தி இருக்கான்னு எழுதியிருந்துச்சு" என்றாள் நஜீபா. "தெரியாத ஆளைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது செல்வா. இந்தத் தாள்ல இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியல."

அவள் சொன்னது சரி. முதல் சீசனில் ஜனங்கள் சிரித்த வசனங்களில் ஒன்றைக்கூட செல்வா யோசித்து எழுதவில்லை. அவையெல்லாம் அவன் அப்பாவின் தங்கை கலாவதி அத்தையின் வாயிலிருந்து வந்தவை. சட்டைப் பையில் கைப்பேசியைப் பதிவில் ஓடவிட்டுக்கொண்டு அவளைப் பேச வைப்பான். வீட்டுக்கு வந்து கேட்டு எழுதுவான்.

"ஞாயித்துக்கெழம என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. அத்தை வருவாங்க. கொஞ்சம் பேசிட்டு வரேன்."

"அந்தக் கார்ட்டூன் அவங்கதான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன். ஒண்ணும் சொல்லல."

நஜீபா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்றத வெச்சுப் பார்த்தா, ஒண்ணும் சொல்லாம இருக்குற ஆளா தெரியலையே."

* * *

புக்கிட் ரோத்தான் கோயில் மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. கலாவதி அத்தை தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். செல்வா கைப்பேசியை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னத்தை, இளைச்சுப் போயிட்டீங்க?"

"வயசாச்சு, ஐயா."

அவ்வளவுதான். முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் அரை மணி நேரம் ஓடும்.

சிவநேசன் மாமா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவள், லயத்து வீடுகளை இடித்த பிறகு மலிவுவிலை அடுக்குமாடியில் ஒற்றை ஆளாக இருந்தாள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமாதி. அவளுக்கு மனித முகம் பார்க்கிற நாட்கள் அவைதான். கட்டிக்கொண்டு போகிற கறிகளை மறுநாள் காலையில் ஒன்றாகப் போட்டுச் சுண்டவைத்து, மாடிக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கரண்டி வைப்பாள். நல்ல துண்டுகளை முதலிலேயே தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வாள் என்பதும் உண்மை.

பந்தி முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியபோது அத்தை எழுந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

"ஐயோ, புங்குஸ் அத்தை! நிஜமாவே இருக்காங்க!"

தங்கையின் புகுந்த வீட்டுப் பெண் ஒருத்தி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன.

"ஆண்டி, ஒரே ஒரு தடவ சொல்லுங்க ஆண்டி. குழம்பைத் தனியா…"

"…கட்டுலா!" என்று மண்டபமே சேர்ந்து கத்தியது. ஒருவர் மனதிலும் கெடுதல் இல்லை. ஆசையாகத்தான் கேட்டார்கள்.

செல்வாவும் சிரித்துவிட்டான். தன் வசனத்துக்கு ஒரு கூட்டம் சிரிப்பதைக் கண்ணால் பார்க்கும்போது வருகிற சிரிப்பு அது. அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தை திரும்பி அவனைத்தான் பார்த்தாள்.

அவள் புன்னகை செய்தாள். படம் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அந்தக் காலிப் பையை நீவி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள். யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

சமையற்கட்டில் செல்வாவின் தங்கை கங்கா அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சந்தோசமா அண்ணே?"

"நான் என்ன பண்ணேன்? அத்தையக் கிண்டல் பண்ணாத ஆளு யாரு நம்ம குடும்பத்துல? அப்பாவே பண்ணுவாரு."

"பண்ணுவாரு. 'லோரி வந்துருச்சு, ஏத்துங்கடா'ன்னு கத்துவாரு. அத்தையும் விடாது. 'நீ போட்ட உப்புக்கு இந்தச் சாம்பாரு ஒரு மாசம் கெடாதுண்ணே, அதான் கொண்டு போறேன்'னும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம்." கங்கா கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "ஆனா அப்ப கரண்டி யாரு கையில இருந்துச்சு? அப்பா கையில. கிண்டல் பண்ணிக்கிட்டே இன்னொரு கரண்டி ஊத்துவாரு. உன் கார்ட்டூன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. எவனாச்சும் ஊத்துறானா?"

செல்வா வெளியே வந்து அம்மன் சந்நிதிக்கு முன்னால் நின்றான். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் கைப்பேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

* * *

மறுநாள் சாயங்காலம் அவன் அத்தை வீட்டுக்குப் போனான். கங்கா சோறு, சாம்பார், பிரட்டல் எல்லாம் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

அத்தை கம்பிக் கதவைத் திறந்தாள். "வா. சாப்பிட்டியா?"

"ஆச்சுத்தை. இது கங்கா குடுத்துச்சு."

"மேசையில வை."

தேநீர் போட்டு வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். சுவரில் சிவநேசன் மாமாவின் படத்துக்கு அன்று பறித்த செம்பருத்தி வைத்திருந்தாள்.

"உங்களக் கேவலப்படுத்தணும்னு நான் எழுதலத்தை."

"தெரியும்."

"ஊரே உங்க மேல பிரியமா இருக்கு."

"என் மேலயா? அந்தக் குண்டச்சி மேலயா?"

பழைய குரல். பழைய வெட்டு. செல்வாவின் கை தன்னை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது.

அத்தை அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஓடுதா அது?"

"இல்லத்தை! சத்தியமா ஓடல. இங்க பாருங்க." கைப்பேசியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். திரை இருட்டாக இருந்தது.

"சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அவள் பேசியது வெளியாட்களிடம் பேசுகிற பேச்சு. மழை, கங்காவின் மகன், தஞ்சோங் காராங்கில் அறுவடை. செல்வா நடுவில் புகுந்து, "நான் அந்தத் தொடரை நிறுத்திடறேன்" என்றான்.

"எதுக்கு? உன்னோட வேலை செய்றவங்க எங்க போவாங்க? அந்த நஜீபா பொண்ணு பாவம், ராத்திரி பகலா வரையுதுன்னு நீதானே சொன்ன. நிறுத்தாத."

"அப்ப என் மேல கோவம் இல்லையா?"

அத்தை தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கோவம் இல்லடா. பேசலாம்னு வாயத் தொறந்தா, யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தோணுது. தனியா இருக்கும்போதும் அப்படித்தான். முன்னெல்லாம் உங்க மாமா படத்துக்கிட்ட எதையாச்சும் சொல்லிக்கிட்டு இருப்பேன். இப்ப அதுவும் இல்ல. பூவை வெச்சுட்டு வந்துடறேன்."

செல்வா குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். தள்ளவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

* * *

எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு நஜீபாவும் அவனும் மறுபடி தொடங்கினார்கள். கங்கா சொன்னதைக் கேட்டதும் நஜீபா பென்சிலை எடுத்தாள். முதல் படமாக ஒரு கரண்டியை வரைந்தாள். புதிய கதைகளில் அத்தையைக் கேலி செய்கிறவன் எவனும் வெறுங்கையோடு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அவள் பையை நிரப்பினான். ஜனங்கள் முன்பைவிட அதிகமாகச் சிரித்தார்கள். சிலர் பார்த்துவிட்டு ஊரில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்ததாக எழுதினார்கள். படிக்கும்போது நஜீபாவின் கண் கலங்கியது. செல்வாவுக்கு எதுவும் வரவில்லை.

கலாவதி அத்தை அதைப் பார்க்கவில்லை. அடுத்து வந்த கல்யாணத்துக்கும் தீமிதிக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் செல்வா கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டு மாடியேறுவான். கங்கா வீட்டுச் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போவான். பல நாள் அத்தை கதவைத் திறக்க மாட்டாள். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். "அத்தை, மாட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பிக் கதவில் பையை மாட்டுவான். அவன் கீழே இறங்கும்போது மேலே கதவு திறந்து மூடுவது கேட்கும்.

அடுத்த வாரம் அதே கம்பியில் போன வாரத்து டப்பா தொங்கும். பளபளவென்று கழுவித் துடைத்திருப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாக ஒருநாளும் திருப்பித் தராதவள் அத்தை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு, அதோடு ஒரு குத்தலும் சேர்த்துத்தான் அனுப்புவாள்.

செல்வா மூடியைத் திறந்து பார்ப்பான். மூடுவான். காலி டப்பாவை எடுத்துக்கொண்டு, சூடாக இருக்கும் புது டப்பாவை அந்தக் கம்பியில் மாட்டுவான்.

"குழம்பைத் தனியா வெச்சிருக்கேன் அத்தை" என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் வாய் வரை வரும். சொல்லமாட்டான்.