கிணற்றுப் பங்கு

அபிகாயில் அக்கா என் பெரியம்மாவின் மகள். ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்குப் புள்ளிவிபர மென்பொருள் தெரிய வேண்டும் என்பதால் ஆறு வாரம் ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு நேரத்தில் கமராவை மூடிவிட்டு நகத்துக்குப் பூச்சுப் பூசுவாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். சான்றிதழ் அவளுக்கு வந்தது.

வேலை நேர்முகத்தில் அவள் காட்டவேண்டிய ஆய்வு கோப்பாய் ஊர்க் கிணறுகளையும் வயிற்றோட்டத்தையும் பற்றியது. நூற்றிருபது வீடுகளுக்குச் சைக்கிளில் போய்ப் படிவம் நிரப்பியது நான். ஒவ்வொரு வீட்டு வாசற்படலையிலும் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். அங்கே பலருக்கு ஒரு கிணறு பொது. காணி உறுதிப் பத்திரத்தில் உள்ளபடி ஒருவருக்கு நாலில் ஒன்று, இன்னொருவருக்கு எட்டில் ஒன்று என்று பங்கு. அப்படியே 1/4, 1/8 என்று எழுதினேன். வேலை கிடைத்தால் தரவு பதிய என்னையும் எடுக்கச் சொல்வதாக அக்கா வாக்குத் தந்திருந்தாள். அலுவலகத்தில் அந்த ஒரு மேசை கதிரைக்காகத்தான் அவ்வளவு வெயிலும்.

எக்செலில் தட்டியது அவள். எட்டில் ஒன்று, ஜனவரி எட்டாம் திகதியாக மாறியதை அவள் கவனிக்கவில்லை. மென்பொருளுக்குள் போனபோது அந்தத் திகதிகளெல்லாம் பெரிய எண்களாகிவிட்டன. ஒரு வீட்டின் கிணற்றுப் பங்கு சராசரியாக நாற்பத்தையாயிரத்துச் சொச்சம் என்று அட்டவணை சொன்னது. பங்குக்கும் வயிற்றோட்டத்துக்கும் முக்கியமான தொடர்பு என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தது.

நேர்முகத்துக்கு முதல்நாள் அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளர் வாகீசன் சேர் சூமில் வந்தார்.

"அருமை, அபிகாயில். நட்சத்திரம் வந்திட்டுது."

அக்காவுக்குப் பின்னால் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். சொன்னேன்: "சேர், பங்கு ஒண்டுக்கு மேலை வராது. அதெல்லாம் திகதி."

"ஆர் உது?"

"படிவம் நிரப்பின பிள்ளை, சேர். ஓ.எல். சோதனையும் எடுக்கேல்லை" என்றாள் அக்கா.

சேர் சிரித்தார். "பிள்ளை, கொம்பியூட்டர் பிழை விடாது."

இருபது வருடம் படிப்பித்தவர். ஒரு கிணற்றை நாற்பத்தையாயிரம் கிணறாக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி இருந்தார்.

அவர் போனதும் அக்கா குரலைத் தணித்தாள். "எங்கை, திருத்திக் காட்டு பாப்பம்."

நூற்றிருபது கட்டங்களையும் திருத்தினேன். வகுப்பில் கேட்டபடி மெனுவைத் திறந்து மறுபடி ஓடவிட்டேன். சராசரி கால் பங்குக்குக் கிட்ட வந்தது. நட்சத்திரம் இல்லை. பங்குக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இதைக் கொண்டுபோய் என்னத்தைச் சொல்லுறது? பழசையே போடு."

"அது பொய், அக்கா."

"பெரிய புரொபெசர் இவ! வாயை மூடிக்கொண்டிரு. நாளைக்கு உன்னையும் எடுக்கச் சொல்லுறன்."

"எனக்கு வேண்டாம்."

"உனக்கு வேறை ஆர் வேலை தருவினம்?"

"ஒருத்தரும் தராயினம்."

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். படலையைச் சாத்தும்போது அவளுடைய குரல் கேட்டது. நாளைக்கு நேர்முகத்தில் சொல்வதற்காக, நாற்பத்தையாயிரம், நாற்பத்தையாயிரம் என்று உரத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.