கிழக்கு பார்த்த ரம்பம்

என் கணவர் தணிகாசலம் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, எல்லா விரல்களோடும் வீடு திரும்பியவர். அவரோடு வேலைக்குச் சேர்ந்த யேசுதாஸ் அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல்தான் மிச்சம். அதனால் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையும் சால்வையுமாக வந்து இறங்கியவரின் கைகளைத்தான் நான் முதலில் பார்த்தேன். இனிமேல் பயமில்லை என்று கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன். பொறுக்கவில்லை அவருக்கு. வீட்டுக்கே ஒரு ரம்பத்தை வரவழைத்தார்.

மேசை மாதிரி ஒரு இயந்திரம். அறுக்கும், இழைக்கும், துளை போடும், பலகையில் பள்ளமாகக் காடி எடுக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களாம். இவர் புதியவர் இல்லை, வீடியோவில் நிறையப் பேர் அறுப்பதைப் பார்த்திருக்கிறார். கம்பெனிகளில் சரக்கு அடுக்கிவிட்டுக் கழித்துக்கட்டும் பேலட் கட்டைகளை வாங்கி பெஞ்சு செய்து விற்பதாகத் திட்டம்.

இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க வந்தவர் கவரைப்பேட்டைக்காரர், பொறுமைசாலி. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையின் நீளவாக்கில், அறுத்த பலகை தடையில்லாமல் போகிற மாதிரி நிறுத்தினார். பலகையை அணைத்துத் தள்ளுவதற்கு மேசைமேல் ஒரு இரும்புப் பட்டை இருக்கிறது, அதற்குக் கைடு என்று பெயர். கைடுக்கும் பிளேடுக்கும் முன்பக்கம் எவ்வளவு இடைவெளியோ பின்பக்கமும் அவ்வளவே இருக்க வேண்டும், பின்னால் குறுகினால் பிளேடு பலகையைக் கவ்வித் தள்ளுகிறவர்மேலேயே திருப்பி அடிக்கும் என்றார். பலகைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள் என்றும் சொன்னார். பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு, மேலே ஒரு மூடி, இரண்டையும் கழற்றவே கூடாதாம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து மணவாளன் அண்ணன் வந்தார். என் நாத்தனாரின் கணவர். நெல் பயிரிடுகிறவர், இப்போது வாஸ்துவும் பார்க்கிறார். தன் கிணறு எந்த மூலையில் இருந்ததால் வற்றியது என்பதை, கிணறு வற்றிய பிறகு துல்லியமாகக் கண்டுபிடித்த அறிவாளி. அக்கா புருஷன் பேச்சுக்கு என் கணவர் மறுபேச்சு பேசி நான் கேட்டதில்லை.

தொழில் செய்கிறவன் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் என்றார் அண்ணன். இயந்திரம் திரும்பியது. அதோடு விட்டாரா? செல்போனில் திசை காட்டுவதைத் திறந்து இரும்பு மேசைமேல் வைத்து, கைடைத் தளர்த்தி, சுத்தமான கிழக்குக்கு நகர்த்தி முடுக்கினார். போன் திசை காட்டுவதும் காந்தத்தை வைத்துத்தான், இரும்புமேல் வைத்தால் அது இரும்பு சொல்வதைத்தான் கேட்கும் என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் எனக்குக் காபி போடும் வேலையைக் கொடுத்தார். பூசையில் பிளேடுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க மூடியும் தகடும் மறைத்தன. கழற்றினார்கள். கழற்றியது பரணுக்குப் போனது. பிளேடு பொட்டு வைத்துக்கொண்டு மங்களகரமாக இருந்தது.

கிழக்கில் ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். அங்கே என் சமையலறைச் சுவர். நீளமான பலகையைத் தள்ளினால் பாதியில் போய் முட்டியது. வேறு யாராக இருந்தாலும் இயந்திரத்தைத் திருப்பியிருப்பார்கள். என் கணவர் சுவரை உடைத்தார். மேசை உயரத்துக்கு ஒரு ஓட்டை. கொட்டகையில் அவர் தள்ள, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பலகை தலை நீட்டும். அதை இழுக்கும் பதவிக்கு என்னை நியமித்தார்.

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஜோசப், லாரிக்காரர்கள் உட்கார பெஞ்சுகள் கேட்டிருந்தார். வேலை ஆரம்பமானது. குழம்பு தாளிக்கும் நேரமாகப் பார்த்து பலகை வரும். வந்த பலகையெல்லாம் ஓரம் கருகி வந்தது. கட்டை சரியில்லை என்றார் என் கணவர். எனக்கு வேறொன்று தெரிந்தது. என் பக்கமிருந்து பார்த்தால் பலகை நேராக வரவில்லை, சாய்ந்து சாய்ந்து வந்து ஓட்டையின் ஒரே பக்கத்தைத் தேய்த்தது. சிமெண்டே பொடியாகிக் கொட்டியது. கைடு பின்னால் குறுகியிருக்கிறது, பொருத்த வந்தவர் சொன்ன மாதிரி அளந்து பாருங்கள் என்றேன்.

"அது மாமா வச்ச கைடுமே. நீ இழுக்கிற வேலைய மட்டும் பாரு."

இழுத்தேன். வேறென்ன செய்வது? ஓட்டை வழியாக அவர் கைகள் தெரியும், அந்தக் கைகளுக்கும் பொட்டு வைத்த பிளேடுக்கும் நடுவே ஒரு மூடிகூட இல்லாததும் தெரியும். ஆலைக்குப் போன காலத்தில் இதையெல்லாம் பார்க்காமலாவது இருந்தேன்.

அன்றைக்குக் கடைசி பெஞ்சின் பலகை. வழக்கம்போல அவர் நேர் பின்னால் நின்று தள்ளினார். பாதியில் பலகை புகைந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன், இழுக்கவில்லை. வேண்டுமென்றேதான். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மோட்டாரை நிறுத்தாமல், பலகையைப் பாதி அறுபட்ட நிலையில் அப்படியே விட்டுவிட்டு, என்னைத் திட்டுவதற்காக இயந்திரத்தைச் சுற்றி வந்து சுவர் ஓட்டையில் முகத்தை வைத்தார்.

"இன்னாமே, இழுக்காம பேஜார் பண்ணிக்கினுகீற?"

அவ்வளவுதான் சொன்னார். பட்டென்று ஒரு சத்தம். பலகை என் கண்ணெதிரே காணாமல் போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். பலகை தள்ளும்போது அவர் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் இருந்த நீலத் தண்ணீர் டிரம்மைப் பலகை குத்திக் கிழித்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் டிரம்மில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம்.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அடக்கவில்லை. அவர் மணவாளன் அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அண்ணன் பதறவே இல்லை. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கிழக்கு பார்த்து நின்றதால்தான் உயிர் தப்பியது, தெற்கு பார்த்து நின்றிருந்தால் கதை வேறு, திசையை மட்டும் மாற்றிவிடாதே என்றார்.

என் கணவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"மாமா, நீங்க ஒரு தபா வந்து அந்த எடத்துல நில்லுங்க. நான் பலகைய தள்றேன்."

அந்தப் பக்கம் போன் கட்டானது. சிக்னல் போயிருக்கும்.

போனை வைத்துவிட்டுப் பரணில் ஏறினார், மூடியையும் தகட்டையும் இறக்கினார். இரண்டு பேருமாகத் தள்ளி இயந்திரத்தைப் பழையபடி கொட்டகையின் நீளவாக்கில் திருப்பினோம். எந்தத் திசை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைடின் திருகைத் தளர்த்திவிட்டு என் தையல் டேப்பை எடுத்து வரச் சொன்னார்.

"முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு நீயே பாத்து சொல்லு."

பிளேடு ஓரத்தில் டேப்பை வைத்தேன். கை நடுங்கி எண்கள் ஆடின. நடுங்காமல் இருக்க அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை என்னுடையதைவிட அதிகமாக நடுங்கியதால், அளவு தெரிய வெகுநேரம் ஆனது.