ஒரு முழங்கால் தகராறு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஜாவாவின் செமாராங் ஊரில் எங்கள் அச்சகத்தில் தாள் மடிக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், ரசினெம் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பார்கள். அந்த வாய்தான் என் வேலைக்கு உலை வைத்தது. ஷாங்காயில் தொழிலாளர் ஊர்வலத்தை வெள்ளைக்காரன் போலீஸ் சுட்ட செய்தியைத் துண்டுத்தாளாக அடித்து, மடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்தோம், நான் சந்தையில் உரக்கப் படித்தும் காட்டினேன். மறுநாளே மடிக்கும் பெண்களில் எங்கள் ஐந்து பேரையும் முதலாளி வெளியே தள்ளிவிட்டார்.

முதலாளி சீனர். ஈய அச்செழுத்துக் கோர்க்கும் பதினோரு பேரும் சீனர்கள். மடிப்பவர்கள், இயந்திரம் ஓட்டுபவர்கள், சுமப்பவர்கள் எல்லாம் ஜாவாக்காரர்களான நாங்கள். நாங்கள் மட்டும் வேலைநிறுத்தம் செய்தால் ஒரே வாரத்தில் வேறு ஆள் பிடித்துவிடுவார். கோர்ப்பவர்களும் சேர்ந்து நின்றால் அச்சகம் மூச்சு விடாது. அவர்கள் வந்தால் எனக்கு வேலை, வராவிட்டால் நடுத்தெரு.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்க வீட்டில் பேச்சு. கோர்ப்பவர்களைக் கூட்டிவந்தவர் கெங் பான் வாத்தியார். சீனாவின் அமோயிலிருந்து வந்து சீனப் பள்ளியில் பாடம் சொல்லும் சோஷலிஸ்ட். நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். அவர்களோ ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சங்கத்துக்கு வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா?" என்றேன்.

"தரையில உக்காந்தா கால் மரத்துப்போகுதுக்கா," என்றான் பூன் லியோங். கோர்ப்பவர்களில் மூத்தவன், வாய்த்துடுக்கு எனக்குச் சமம்.

எங்கள் செயலாளர் சுவிர்யோ அண்ணன், இயந்திரம் ஓட்டுபவர், எழுந்து நின்று முழங்கினார். "இனிமே எந்த எசமானுக்கும் குனியமாட்டோம்! எவன் வந்தாலும் சரி!"

வாசலில் வெதானா வந்து நின்றார். எங்கள் வட்டத்து அதிகாரி. ஜாவாக்காரர்தான், டச்சுக்காரன் வைத்த ஆள். கூட்டத்துக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். எங்கள் ஊரில் அதிகாரி முன்னால் நிற்கக் கூடாது. குந்த வேண்டும், கை கூப்ப வேண்டும், கண் தரையில் இருக்க வேண்டும். நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். முதலில் குந்தியது சுவிர்யோ அண்ணன். அப்புறம் எல்லோரும். அட, நானும்தான்! இன்றுவரை அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

வெதானா சீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். இந்த வழக்கம் இல்லாத சீனர்கள் பதினோரு பேரும் நாற்காலியை விட்டு இறங்கவேயில்லை. பூன் லியோங் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, எவன் வந்தாலும்னு சொன்னீங்களே, அவரு கணக்குல வரமாட்டாரா?"

சுவிர்யோ அண்ணன் முகம் செத்துப்போயிற்று. எனக்குத் தாங்கவில்லை.

"சிரிக்காதே! உங்க கப்பித்தான் வண்டி தெருவுல வந்தா தொப்பியக் கழட்டிட்டு இடுப்பு ஒடியக் குனியறது யாரு? நான் பாத்ததில்லையா?"

கப்பித்தான் என்பவர் சீனர்களுக்குத் தலைவராக டச்சுக்காரன் நியமித்த பணக்காரச் சீனர்.

"அது பெரியவருக்குக் குடுக்கற மரியாதைக்கா."

"எங்களதும் மரியாதைதான்டா. உனக்கு இடுப்புல, எனக்கு முட்டியில!"

வாத்தியார் சிரிக்கவில்லை. "எங்கப்பா அதிகாரி வாசல்ல நெத்தியத் தரையில முட்டுவாரு. சீனாவுல ராஜாவைத் துரத்தி, அவன் போடச் சொன்ன ஜடைய அறுத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் தொப்பி போட்டவனப் பாத்தா என் கழுத்து தானா எறங்குது. பாடம் சொல்ல வரலைம்மா. அதே நோவு எனக்கும் இருக்கு."

"உங்களுக்கு நாடுன்னு ஒண்ணாவது இருக்கு வாத்தியாரே," என்றார் சுவிர்யோ அண்ணன்.

"நாடு இருக்கு, துறைமுகம் வெள்ளைக்காரன் கையில. எங்க ஊர்லயே எங்களச் சுடறான். அத நீங்கதானே அச்சடிச்சீங்க?"

பூன் லியோங் தலையைச் சொறிந்தான். "முதலாளி எங்க சனம். எதுத்து நின்னா எங்களுக்கு எவனும் பொண்ணு குடுக்கமாட்டான்."

"வெதானா எங்க சனம்," என்றேன். "எனக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டாரா?"

பூன் லியோங் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னான். "அச்செழுத்தத் தனியா நிறுத்தினா விழும். இரும்புச் சட்டத்துல போட்டு இறுக்கிட்டா தூக்கினாலும் விழாது. நாளைக்கு நாங்களும் வேலைய நிறுத்தறோம். ஒரு சீனனுக்கு ரெண்டு பக்கமும் ஜாவாக்காரங்க நிக்கட்டும். கையக் கோத்துக்குவோம். எவனுக்கு முட்டியோ இடுப்போ மடங்கினாலும் பக்கத்துல இருக்கறவன் தூக்கட்டும்."

"நீங்க வராதீங்க வாத்தியாரே, வெளிநாட்டுக்காரர். டச்சுக்காரன் கப்பல் ஏத்தி நாடு கடத்திருவான்," என்றேன்.

"உங்கள நிக்கச் சொல்லிட்டு நான் வீட்ல போய் உக்காரவா?" என்றார்.

திங்கட்கிழமை காலை அச்சக முற்றத்தில் வரிசையாக நின்றோம். எனக்கும் சுவிர்யோ அண்ணனுக்கும் நடுவில் பூன் லியோங். முதலாளி வந்தார், வெதானா வந்தார், போலீஸ்காரர்களோடு ஒரு டச்சுப் போலீஸ் அதிகாரியும் வந்தான்.

"குந்துங்கடா!" என்றார் வெதானா.

சுவிர்யோ அண்ணனின் முழங்கால் மடங்கத் தொடங்கியது. பூன் லியோங் முழங்கையால் அவரை இழுத்து நிமிர்த்தினான். "அண்ணே, நாற்காலி கொண்டாரட்டுமா?" என்று காதில் கேட்டான். அண்ணனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கால் நிமிர்ந்து நின்றுவிட்டது.

அப்போது கப்பித்தானின் வண்டி உள்ளே வந்தது. பூன் லியோங்கின் இடுப்பு இறங்கியது. விலாவில் ஒரு குத்து விட்டேன். "நிமிருடா!" ஐயோ என்றான், நிமிர்ந்தான்.

"குந்தப்போறீங்களா இல்லையா?" என்று வெதானா கத்தினார்.

"எங்க அஞ்சு பேருக்கும் வேலையக் குடுங்க! அப்புறம் நாளெல்லாம் உக்காந்தே மடிக்கிறோம்!" என்று நானும் கத்தினேன். மடிக்கும் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி முன்னால் சிரித்தது எங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

போலீஸ் அதிகாரி வரிசையில் வாத்தியாரை மட்டும் பிடித்து இழுத்தான். கோர்த்த கையைப் பிரிக்க மூன்று போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது. அவர் நின்ற இடம் காலியானது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் நகர்ந்து கையைக் கோர்த்துக்கொண்டார்கள்.

வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள் முதலாளி ஐந்து பேரையும் திரும்ப எடுத்தார். ஐந்தாம் நாள் வாத்தியாரைக் கப்பல் ஏற்றினார்கள். அச்சகத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் துறைமுகத்துக்குப் போனோம். அங்கேயும் வெதானா இருந்தார். ஒருவரும் குந்தவில்லை. காலையிலிருந்து வெயிலில் நின்று என் கால் இரண்டும் கழன்று விழுவது போல இருந்தது.

மேல்தளத்திலிருந்து வாத்தியார் கூப்பிட்டார். "முட்டி வலிக்குதா ரசினெம்?"

"உயிர் போகுது வாத்தியாரே!" என்று கத்தினேன். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. "கப்பல் கண்ணுல மறையற வரைக்கும் உக்காரமாட்டேன்!"

உட்காரவில்லை.