நோயே வராத வம்சம்

எங்கள் வம்சத்தில் இதுவரை ஒருவருக்கும் நோய் வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். செந்துறைப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் அடுத்தவர் காட்டில் களை பறித்தார்கள், கிணறு வெட்டினார்கள், கல் உடைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை மட்டும் மிதித்ததில்லை. எங்களை நம்பிக் கடை திறந்த டாக்டர் யாராவது இருந்தால் அவர் பட்டினிதான் கிடந்திருப்பார்.

ஆகவே 1988 ஆனி மாதத்தில் என் அக்கா மலர்க்கொடி, நோய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னபோது, அதை வம்சத்துக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவள் சம்பளத்தில்தான் அம்மா சாப்பிட்டாள், நான் அரியலூர்க் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தேன். அவளுடன் வேலை பார்த்த சம்பூர்ணம் டீச்சர் மார்பில் கட்டி என்று தஞ்சாவூருக்குப் போய், ஆறு மாதம் கழித்துக் குணமாகித் திரும்பினார். அதற்குள் வைத்தியச் செலவுக்காக அவருடைய நிலம் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. அன்றிலிருந்து அக்கா இதே நினைப்பாக இருந்தாள். பெரம்பலூரிலிருந்து காசிநாதன் என்ற ஏஜென்டை வரவழைத்துவிட்டாள்.

"செத்தா குடுக்குறது அந்தப் பாலிசிங்க டீச்சர். படுத்தா குடுக்குறது இது. புதுசு," என்றார் காசிநாதன்.

"எந்தெந்த வியாதிக்கு?"

"பெரிய வியாதி எல்லாத்துக்கும்."

"பெரிசுன்னா எதுங்க? பேரு போட்டிருக்கா?"

காசிநாதன் கைக்குட்டையை எடுத்தார். இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலிருந்தது. அக்கா விடவில்லை. சேர்ந்த மறுநாளே படுத்தால் தருவார்களா? மாட்டார்கள், முதல் மாதம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு? கிடையாது. ஒரு வருடம் படுக்காமலே இருந்துவிட்டால் கட்டிய பணம்?

"அது போனதுதாங்க."

"நல்லாருந்தா நட்டம், படுத்தா லாபம். பேஷான யாவாரம்," என்றேன் நான்.

"நீ செத்த சும்மா இருடா," என்றாள் அக்கா.

சும்மா இருக்கவில்லை. கல்லூரி விடுதியில் நான் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் ஒரு மாதிரிப் பாலிசி வெளியிட்டேன். 'விடுதிச் சாம்பாரால் வரும் கேடு, சேரும்போதே இருந்த நோயாகக் கருதப்படும். ஒருதலைக் காதலுக்கு முதல் மாதம் இழப்பீடு இல்லை.' நல்ல வரவேற்பு. வார்டன்கூட நின்று படித்துவிட்டுத்தான் கிழித்தார்.

படிவம் இங்கிலீஷில் இருந்ததால் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர், வயது, எடை எல்லாம் சுலபமாகப் போயின. அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டோம். தந்தையும் அவருடன் பிறந்தவர்களும் உயிரோடு இல்லையென்றால், இறந்த வயது, இறந்த காரணம்.

அப்பா முத்துசாமி நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் போனவர். அம்மாவைக் கேட்டோம்.

"குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு. மோரு கேட்டாரு. கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு," என்றாள் அம்மா.

"என்ன வியாதிம்மா?"

"வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருந்தாரு."

நான் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். வம்சத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

"அதையெல்லாம் எழுதிக் குடுக்காதடி. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றாள் அம்மா.

"வியாதிதான் ஒண்ணுமில்லன்னியே, அப்புறம் எழுதுனா என்ன?" என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு வரதராஜன்பேட்டைக்கு பஸ் ஏறினாள். அப்பாவுடன் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தது அங்கே இருந்த கொளஞ்சியம்மாள் அத்தை மட்டும்தான்.

அத்தை முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே பேசினாள். "பெரியண்ணன் அய்யாக்கண்ணு கூத்து பாத்துக்கிட்டே சாஞ்சிட்டாரு. ஆட்டம் முடிஞ்சி எழுப்புனப்பதான் தெரிஞ்சிச்சு. சின்னவன் செல்லப்பன் கெணத்து மேட்டுல."

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் நோவு இருந்துச்சா அத்தை?"

"நோவா? நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்கு ஏது நோவு. வாயுதான்."

"வாயுன்னா?"

"நெஞ்சப் புடிக்கும். வேத்துக் கொட்டும். இடது கை மரத்துப் போவும். பெருங்காயத்தக் கரைச்சிக் குடுத்தா செத்த நேரத்துல சரியாவும். உங்கப்பனுக்கு ஒரு மாசமாவே இருந்துச்சு. மூணு பேருக்கும் அதே வாயுதான்."

அக்காவின் கையில் இருந்த முந்திரி கையிலேயே இருந்தது. நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். கடைசியில் அத்தை கொடுத்த முந்திரியைத்தான் மென்றேன்.

"நீயும் வாயு ஒடம்புதான் தொரை," என்றாள் அத்தை என்னிடம், அன்பாக. "அப்படியே உங்கப்பன்."

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். யாருக்கும் பிறந்த தேதி கிடையாது. பெரிய புயல், தேர்தல், அக்கா பிறந்தது என்று வைத்துக் கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. பெரியப்பா நாற்பத்தாறு. அப்பா நாற்பத்து நான்கு. சித்தப்பா நாற்பத்து மூன்று. கணக்கு தப்பு என்று நினைத்து மறுபடியும் போட்டேன். சித்தப்பாவுக்கு ஒரு வயது குறைந்தது.

மறுநாள் பெரம்பலூரில் காசிநாதனின் மாடி அறையில் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதையெல்லாம் எதுக்குங்க டீச்சர்? டாக்டரா பாத்தாரு? இயற்கை மரணம்னு போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"போட்டா?"

"உடனே பாஸாயிடும். நெஞ்சு வலின்னு போட்டா திருச்சிக்குப் போயி ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுவான். பணம் கூடக் கேப்பான். வேணாம்னுகூடச் சொல்லிடுவான்."

"சொல்லட்டுங்க," என்றாள் அக்கா. "வேணாம்னா இப்பவே சொல்லட்டும். படுத்த பொறவு சொல்ல வேணாம். வேணாம்னுட்டா மாசாமாசம் நானே சேத்து வச்சிக்கறேன், ஈ.சி.ஜி.யாவது எடுத்த மாதிரி இருக்கும். தம்பி, எழுது."

எழுதினேன். மூன்று பேர், மூன்று வயது. காரணம்: நெஞ்சு வலி, மருத்துவர் யாரும் பார்க்கவில்லை. அக்கா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திருச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வர ஸ்டாண்டுக்கு இறங்கிப் போனாள்.

நான் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.

"சார், இன்னொரு பாரம் இருக்குங்களா?"

"யாருக்குப்பா?"

"எங்க காலேஜ்ல ஒருத்தனுக்கு. ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடுவான்."

காசிநாதன் எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயர் என்ற இடத்தில் மு. சாமிதுரை என்று என் பெயரையே எழுதினேன். வயது இருபது. தந்தை இறந்த காரணம் என்ற இடத்தில் முதலில் 'வாயு' என்று எழுதி, அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன். படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் காகிதத்தை மறைக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.