அடுத்த புத்தகம் வந்தால்தான்

வினோலியா முழங்காலிட்டு, ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் கையை விட்டு, தாள்களை ஒவ்வொன்றாக உருவினாள். பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரில் எல்லாம் ஊறிப்போயிருந்தன.

"யாரு இத இங்க விரிச்சது?"

துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான்தாண்டி," என்றாள் சித்தி லூர்துமேரி. "தண்ணி ஓடியாந்து எல்லாரு காலையும் நனைக்குது. அக்கா தலகாணிக்கு அடியில பேப்பரு கத்தையா கெடந்துது, எடுத்து விரிச்சேன். என்னா இப்போ?"

"அது அம்மா படிச்சிக்கினு இருந்த புஸ்தகம், சித்தி."

"புஸ்தகமா? அட்டையையே காணோம்."

வினோலியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இறந்தவளை வைத்துக்கொண்டு சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் ஆரோக்கியம்மாள் மூக்குக்கண்ணாடி இல்லாமல் கிடந்தாள். சுரங்க டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் பெனடிக்டின் குவார்ட்டர்ஸில்தான் கடைசிவரை இருந்தாள். சர்க்கரை கண்ணைப் பாதி தின்றுவிட்டது. மகள் வினோலியா மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால், மீதிக் கண்ணுக்கு வேலை கிடைத்தது. யாரோ ஒரு பையன் கடையில் மறந்துவிட்டுப்போன கதைப் புத்தகத்தைப் பெரிய தாளில், பெரிய எழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தாள். வேற்றுக் கிரகத்துக்குப் போகிற கதை. அம்மா அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான். "அடுத்தது என்னாடி?"

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் சொல்ல ஆளில்லை. நூலகத்தில் விசாரித்தால், "அந்தம்மாவுக்கு இந்த வயசுல எதுக்குங்க சயின்ஸ்?" என்று சிரித்து, சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகத்தைத் தள்ளினார்கள். பெனடிக்ட் புனிதர்களின் வரலாறு வாங்கிவந்தான். சித்தி ஜெபப் புத்தகம் கொண்டுவந்தாள். கடைக்கு வரும் ஒரு பேராசிரியர் தலையணை கனத்துக்கு ஒன்றைக் கொடுத்தார். அம்மா நாலு பக்கம் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இவரு எனக்குப் பரிட்ச வெக்கிறாருடி. ராக்கெட்டு எப்படிப் போவுதுன்னு எனக்கு எதுக்கு? போயி எறங்குனவன் என்னா சாப்புட்டான், யார நெனச்சி அழுதான், அத சொல்லச் சொல்லு."

கேட்டது ஒரு கதை. கிடைத்ததெல்லாம் புத்திமதி. தேடித் தேடி வினோலியா நாலைந்து நாவல்களைப் பிடித்தாள். அத்தனையும் அம்மாவுக்குப் போதவில்லை.

அதிலும் அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அடுத்த புத்தகம் வீட்டுக்குள் வரும்வரை கையிலிருக்கும் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தொடமாட்டாள். "உலையில அரிசி போடறதுக்கு முன்னாடி இருக்கற சோத்த வழிச்சித் தின்னுடலாமா?" என்பாள். இந்த முறை மழைக்கு முன்பே நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸ் போயிற்று, தவக்காலம் போயிற்று, பலாப்பழ சீசனும் வந்துவிட்டது. கடைசி அத்தியாயம் ரப்பர் பேண்ட் போட்டு தலையணைக்கு அடியிலேயே இருந்தது. விண்கப்பலில் போன சமையல்காரி புது உலகத்தில் இறங்கினாளா இல்லையா என்று தெரியாமலே அம்மா இன்று விடியற்காலையில் போய்விட்டாள்.

வாசலில் பெனடிக்ட் ஷிப்ட் முடிந்து வந்த நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "கடைசி வரைக்கும் பைபிளத் தவிர வேற எதையும் தொடமாட்டாங்க."

வினோலியா ஈரத் தாள்களோடு எழுந்தாள்.

"பொய் சொல்லாதண்ணே."

நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா ஜெபம் பண்ணாங்க. ஜெபத்த முடிச்சிட்டு ராக்கெட் கதை படிச்சாங்க. சொன்னா ரெண்டையும் சொல்லு. அவங்க ஆசையா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக் கூட நம்ம யாரும் காதுல வாங்கல. இப்ப நீயா ஒரு அம்மாவ செஞ்சி வெக்காத."

"வினோ, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன். அடையாள அட்டை நகலெடுக்கக் கடைக்கு வந்து போகிறவன். பந்தலைப் பார்த்துத் தயங்கினான். கையில் மஞ்சள் பை.

"கட மூடிக்கெடந்துதுக்கா. அண்ணன் வூட்டுல இருப்பீங்கன்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க. யாருக்குக்கா?"

"அம்மாவுக்குடா."

அவன் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்கக்கா. இது தெரியாம வந்துட்டேன்."

"பையில என்னா?"

"பண்ருட்டியில பழைய பேப்பர் கடையில கண்ணுல பட்டுது. அட்டையில ராக்கெட் இருந்துது. நீங்க கேட்டுக்கினே இருந்தீங்களேன்னு. நான் கொஞ்சம் படிச்சிப் பாத்தேன்க்கா. எனக்கே புரிஞ்சிது."

வினோலியா வாங்கிப் புரட்டினாள். நிலாவில் ஒரு டீக்கடை போட்டவளின் கதை. முதல் பக்கத்திலேயே பால் திரிந்துபோயிருந்தது. அம்மா கேட்டது இதைத்தான். இத்தனை படித்தவர்கள் இருக்கிற ஊரில் கிடைக்காதது, பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்திருக்கிறது.

அவள் நேரே உள்ளே போய் ஃப்ரீசர் பெட்டியருகே தரையில் உட்கார்ந்தாள். புத்தகத்தைக் கண்ணாடி மூடியின்மேல் வைத்தாள்.

"அடுத்தது வந்துடுச்சிம்மா," என்றாள். ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பிரித்தாள். ஜெராக்ஸ் மை தண்ணீரில் கரைவதில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் பக்கம் நின்றது.

"ஃபாதர் நாலு மணிக்கு வந்துடுவாரு," என்றான் பெனடிக்ட், குரலைத் தாழ்த்தி.

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

உரக்கப் படித்தாள். ஜெபமாலைக்காக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தி எழுந்துபோனாள். மற்றவர்கள் இருந்தார்கள். கப்பல் புது மண்ணில் இறங்கியது. கதவு திறந்தது. ஆண்கள் முந்திக்கொண்டு ஓடினார்கள், கொடி நட்டார்கள். சமையல்காரியைக் காணவில்லை. வினோலியா அடுத்த தாளைப் பிரித்தாள். இருமிவிட்டுத் தொடர்ந்தாள்.

"எறங்குனாளா இல்லியாடி?" என்றாள் சித்தி.

"இருங்க சித்தி."

கடைசிப் பத்தியில்தான் வந்தாள் அவள். அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் படியில் கால் வைத்தாள். கதை அங்கே முடிந்தது.

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெளியே சவப்பெட்டி வந்து இறங்கியது.

அம்மாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி, பெனடிக்ட் பைபிளை நெஞ்சில் வைத்தான். வினோலியா புதிய புத்தகத்தை அம்மாவின் கைப்பக்கம் வைக்கப்போனாள். சித்தி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுபடியும் ஒரு சண்டைக்கு வினோலியா தயாரானாள்.

சித்தி புத்தகத்தை வாங்கி விரித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எழுத்து பொடியா இருக்குதேடி. அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

வினோலியா சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு வந்தாள்.

"கொளஞ்சி, வண்டிய எடு."

"வினோ! எங்க போற? ஃபாதர் வர்ற நேரம்," என்று பெனடிக்ட் பின்னாலேயே வந்தான்.

"போகட்டும் விடுப்பா," என்றது உள்ளேயிருந்து சித்தியின் குரல். "ஃபாதர் வந்தா இருக்கச் சொல்லு."

மந்தாரக்குப்பத்தில் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்தாள். மின்சாரம் இருந்தது. மெஷின் சூடேறும்வரை புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"முழுசுமாக்கா?" என்றான் கொளஞ்சிநாதன்.

"மொத அத்தியாயம் மட்டும், பெரிய எழுத்துல. மீதிய நான் வெச்சிக்கறேன்."

அவர்கள் திரும்பியபோது ஃபாதர் வந்து காத்திருந்தார். மூடியை ஏந்தியபடி நாலு பேர் நின்றார்கள். வினோலியா தாள்களை மடிக்காமல் அம்மாவின் கைக்கடியில் நுழைத்தாள். சித்தி பைபிளைச் சற்றே நகர்த்தி இடம் விட்டாள்.

அம்மாவின் விரல்கள் சில்லென்றிருந்தன. தாள் இன்னும் சூடாக இருந்தது.