வலது கால்

ஜமால்தீன் இறந்து மூன்று மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் கடந்திருந்தபோது, அவருடைய மனைவி றுக்கியா கிண்ணியாவில் தன் வீட்டு வாசலில் இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஒழுங்கை முனையில் ஜீப் நின்றது. சார்ஜன்ட் துவாரகன் எஞ்சினை நிறுத்தவில்லை. பக்கத்து ஆசனத்தில் பிரியதர்சினி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்து அவளுக்கு இது மூன்றாவது கிழமை. களப்பயிற்சி முடியும்வரை துவாரகனோடுதான் போக வேண்டும், துவாரகன் செய்வதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் நிலையத்தில் அவளை ‘சயன்ஸ்’ என்று கூப்பிட்டார்கள். அவள் இல்லாத இடத்தில் ‘சைலன்ஸ்’ என்றார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

“வாசலில வச்சுச் சொல்லக் கூடாது, விளங்கிச்சோ?” என்றார் துவாரகன். “சின்ன அக்சிடன்ட், ஆஸ்பத்திரியில இருக்கிறார், வாங்கோ. அவ்வளவுதான். மிச்சத்தை டொக்டர் சொல்லுவார்.”

“கல்லூரியில வேற மாதிரிச் சொல்லித் தந்தவை, சேர்.”

“எப்பிடி?”

“முதல் இருக்க வைக்க வேணும். பிறகு சுத்தி வளைக்காமல், இறந்திட்டார் எண்டே சொல்ல வேணும்.”

“அந்தச் சோதினையில உங்களுக்கு எவ்வளவு?”

“தொண்ணூற்றாறு.”

“மிச்ச நாலு மார்க் இதுக்குத்தான் வெட்டியிருப்பாங்கள்.” துவாரகன் சிரித்தார். பிறகு ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தார். “நானும் ஒருக்கா நேராச் சொன்னனான், சயன்ஸ். தகப்பன்காரன் அந்த இடத்திலயே விழுந்திட்டார். ஊர் திரண்டிட்டுது. அழுற சனத்துக்க ஆரைப் பிடிச்சு அடையாளம் காட்டக் கூட்டிக்கொண்டு போறது? மகன்ர பிரேதம் அடுத்த நாள் வரைக்கும் ஆஸ்பத்திரியில கிடந்தது. இவை முஸ்லிம் ஆக்கள், இண்டைக்கே அடக்க வேணும். மனுசி வந்து அடையாளம் காட்டினால் விசாரணை முடிஞ்சு பின்னேர அசர்த் தொழுகைக்கு முந்திக் குடுத்திடலாம். ஆரும் பேஸ்புக்கில படம் போட முந்திக் கூட்டிக்கொண்டு போயிட வேணும். பொய்தான். ஆனால் அவைக்குத்தான் உதவி.”

கணக்கின் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. விடைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம் இல்லை என்று நினைத்து இறங்கினாள்.

ஜமால்தீன் மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர். விடியப் பெட்டி ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் தம்பலகாமம்வரை போய் வயல் வேலை செய்பவர்களுக்கு விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவாராம். இன்று ஒரு டிப்பர் இன்னொரு வாகனத்தை முந்திக்கொண்டு வந்தது. தெருவில் டயர் இழுபட்ட தடத்தை அளந்தபோது நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தவள் பிரியதர்சினி. சாலையெங்கும் சூடை மீன்கள் சிதறிக் கிடந்தன. கையை நனைக்காமல் நாடாவைத் தரையில் பிடிக்க முடியவில்லை. சோப் போட்டுக் கழுவியும் அந்த வாடை இன்னும் விரலில் இருந்தது.

சீருடையைக் கண்டதும் றுக்கியா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினார். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியிலிருந்த முருங்கைக் காம்புகள் காலடியில் கொட்டின.

“என்ன புள்ள, ஆரைத் தேடுறீங்க?”

துவாரகன் பிரியதர்சினியைப் பார்த்தார். பெண்ணுக்குப் பெண்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வழக்கம்.

“ஜமால்தீன் எண்டவற்ற வீடு...”

“ஓம், எங்கட ஊட்டுக்காரர்தான். லைசன்ஸ் இல்லாம புடிச்சிட்டீங்களா? நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன், அதைப் புதுப்பிங்க, புதுப்பிங்க எண்டு.”

“அதில்லை அக்கா. ஒரு சின்ன அக்சிடன்ட். பெரியாஸ்பத்திரியில இருக்கிறார். உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்.”

றுக்கியாவின் கை வாசல் நிலையைப் பிடித்தது. “யா அல்லாஹ். எங்க அடி? தலையிலயா?”

“இல்லை. கால்ல.”

“எந்தக் கால்?”

அதற்குப் பதில் ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. “வலது,” என்றாள் பிரியதர்சினி.

றுக்கியா நிலையில் சாய்ந்து மூச்சை விட்டார். “அல்ஹம்துலில்லாஹ். காலோட போச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அந்த வலது காலுக்கு என்னமோ கண்ணூறு புள்ள. போன நோம்புக்கும் அந்தக் காலைத்தான் சைலன்சரில சுட்டுக்கிட்டு வந்து ஒரு மாசம் என்னை வேலை வாங்கினவர்.”

பிரியதர்சினி முற்றத்து மணலைப் பார்த்தாள்.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. றுக்கியா பக்கத்து வீட்டுச் சுஹைராவைக் கூப்பிட்டார். சுஹைரா வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள். ஆய்ந்த முருங்கை இலை அவள் கைக்குப் போனது. அலுமாரியிலிருந்து இரண்டு சாரன், ஒரு துவாய், ஒரு பழைய தலையணை வந்தன. குசினியில் காலையில் மிஞ்சிய கஞ்சி சூடாக்கப்பட்டு ஃபிளாஸ்குக்குள் போனது.

“அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்காது,” என்று றுக்கியா துவாரகனுக்கு விளக்கம் சொன்னார். “உப்பில்லை எண்டு நேர்ஸ்மாரோட சண்டை புடிப்பார். நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க சேர்.”

“சொல்லுறன்,” என்றார் துவாரகன். குரல் மாறவில்லை. ஆனால் அவர் முற்றத்தின் மறு பக்கம் போய் நின்றுகொண்டதைப் பிரியதர்சினி கண்டாள்.

“ஸ்கூல் உட்டு நஸ்ரியா வந்தா சோத்தைப் போட்டுக் குடு,” என்றார் றுக்கியா சுஹைராவிடம். “வாப்பாக்கு அடிபட்டது எண்டு வாயைத் திறந்திராத. பயந்திரும். மீன் விக்கப் போனவர் வரச் சுணங்கும் எண்டு சொல்லு.”

“எனக்குச் சொல்லித் தாறியா நீ?” என்றாள் சுஹைரா. “போ, ராசாவைப் பார்த்திட்டு வா.”

ஜீப்பில் றுக்கியாவும் பிரியதர்சினியும் பின்னால் ஏறினார்கள். தலையணையும் ஃபிளாஸ்கும் இருவருக்கும் நடுவில் இருந்தன. துவாரகன் பிரதான வீதிக்கு வந்து வேகம் எடுத்தார். றுக்கியா உதட்டுக்குள் ஓதிக்கொண்டு வந்தார். சந்தையைத் தாண்டும்போது திரும்பிக் கேட்டார்.

“புள்ள, ரத்தம் நிறையப் போச்சா?”

பிரியதர்சினிக்குத் தெருவின் நிறம் ஞாபகம் வந்தது. வாய் திறக்கவில்லை. திறக்காததையே றுக்கியா பதிலாக எடுத்துக்கொண்டார். கைத்தொலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, தோப்பூரில் இருக்கும் தம்பியை அழைத்தார்.

“நுஸ்கி, மச்சானுக்கு அக்சிடன்ட். பயப்புடாத, கால்தான். ரத்தம் போயிருக்காம். உனக்கும் அவருக்கும் ஒரே குரூப்தானே?”

“ஓம் ராத்தா, ஓ பொசிட்டிவ். வயலில நிக்கிறேன். இந்தா வெளிக்கிட்டுட்டேன்.”

“சாப்பிட்டியா? வெறும் வயித்தில குடுத்தா மயங்கிருவாய்.”

“அதெல்லாம் பார்க்க ஏலாது இப்ப.”

தொடர்பு அறுந்தது. “எண்ட தம்பி,” என்றார் றுக்கியா பெருமையோடு. “மச்சான் எண்டா உசிரு. ரெண்டு பேரும் சேர்ந்தா எனக்குக் குசினியில வேலை ஓயாது.”

பிரியதர்சினி முன்னால் பார்த்தாள். கண்ணாடியில் துவாரகனின் கண்கள் தெரிந்தன. அவர் மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

அவள் பல்கலைக்கழகத்தில் இரத்தத்தைப் பற்றி ஒரு அரையாண்டு முழுவதும் படித்தவள். ஒரு பையில் எத்தனை மில்லிலீற்றர், எத்தனை பாகையில் வைப்பது, எத்தனை நாளில் வீணாகும், எல்லாம் தெரியும். இப்போது ஒரு மனிதன் வயல் சேற்றோடு, சாப்பிடாமல், அந்த இரத்தத்தைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறான். அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. ‘வலது’ என்று அவள் சொன்ன ஒரு சொல் கிண்ணியாவில் நிற்காமல் தோப்பூர்வரை போய்விட்டது.

துவாரகனின் கணக்கில் இந்த வரி இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வாசலை நினைத்திருந்தார், ஊர்ச் சனத்தை நினைத்திருந்தார், அசரை நினைத்திருந்தார். நம்பியவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதை நினைக்கவில்லை.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது தொலைபேசி மீண்டும் அடித்தது. பேச்சுக்கு முன் காற்றுத்தான் கேட்டது.

“ராத்தா! கங்கைப் பாலம் தாண்டிட்டேன்!”

“அதுக்குள்ளயா? எப்பிடிடா வந்தாய்?”

“முறுக்கிக்கிட்டுத்தான் வாறேன். மச்சான் தாங்குவாரா? டொக்டர்கிட்டச் சொல்லுங்க, நான் வாறேன் எண்டு சொல்லுங்க!”

ஒரு கனரக வாகனத்தின் ஹோர்ன் தொலைபேசிக்குள் நீளமாகக் கேட்டு, பெரிதாகி, அறுந்தது. பிறகு மறுபடியும் காற்று.

“சேர், ஜீப்பை ஓரமா நிப்பாட்டுங்கோ,” என்றாள் பிரியதர்சினி.

“பாலத்தில நிப்பாட்ட ஏலாது.”

“பாலம் முடிய நிப்பாட்டுங்கோ.”

அவள் இவ்வளவு உரத்துப் பேசி அவர் கேட்டதில்லை. “சயன்ஸ், இன்னும் கால் மணித்தியாலம். பேசாமல் வாங்கோ.”

அவள் றுக்கியாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, தம்பியை முதல் நிக்கச் சொல்லுங்கோ. பைக்கை ஓரங்கட்டச் சொல்லுங்கோ.”

“ஏன் புள்ள? ரத்தம்...”

“ரத்தம் வேண்டாம் அக்கா.”

“கிடைச்சிட்டா?” றுக்கியாவின் முகம் மலர்ந்தது. தொலைபேசியை வாயருகே கொண்டுபோனார். “நுஸ்கி, நில்லு, நில்லு. ரத்தம் தேவையில்லையாம். ஓரமா நில்லு.”

“உண்மையா? ஆர் சொன்ன?”

“பொலிஸ்ப் புள்ளதான் சொல்லுது. நில்லுடா முதல்ல.”

காற்று குறைந்தது. பிறகு இல்லாமல் போனது. எஞ்சின் ஓய்ந்து, எங்கோ ஒரு காகம் கத்துவது தொலைபேசிக்குள் தெளிவாகக் கேட்டது.

“நிண்டுட்டேன் ராத்தா. சொல்லுங்க.”

பாலம் முடிந்திருந்தது. ஜீப் போய்க்கொண்டே இருந்தது. பிரியதர்சினி மறுபடி கேட்கவில்லை. துவாரகன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு சிக்னல் போட்டு, தெரு ஓரத்துக்கு ஜீப்பை இறக்கி, எஞ்சினை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றித் தன் பக்கத்து ஆசனத்தில் வைத்தார்.

“ஏன் நிப்பாட்டினீங்க?” என்றார் றுக்கியா. முதலில் துவாரகனின் முதுகைப் பார்த்தார். பிறகு பிரியதர்சினியைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தை விட்டு முழுதாகப் போகவில்லை. “என்ன புள்ள?”

பிரியதர்சினி நடுவில் இருந்த தலையணையையும் ஃபிளாஸ்கையும் கீழே வைத்தாள். நகர்ந்து பக்கத்தில் இருந்தாள். மீன் வாடை இருந்த அதே கையால் றுக்கியாவின் கையைப் பிடித்தாள். தொலைபேசி திறந்தே இருந்தது. கங்கைப் பாலத்துக்கு இப்பால் தெருவோரம் நின்றவனும் கேட்கும்படி, கல்லூரியில் சொல்லித் தந்ததைவிட மெதுவாகச் சொன்னாள்.

“கால்ல அடியெண்டு நான் சொன்னது பொய் அக்கா. உங்கட அவர் மவுத்தாகிட்டார். காலமையே, அந்தத் தெருவிலயே மவுத்தாகிட்டார்.”