பாலத்துக்கு முன் அணைத்த போன்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் முதலில் என் போனை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். உடனே அவள் முகம் மாறியது. "வேணாம், திருப்பிப் போடுங்க அண்ணன். ஒஃப்பில கிடந்தாத்தான் சந்தேகப்படுவானுகள்." கதை அங்கேதான் பிறந்தது. நான்தான் அதை வேறெங்கெல்லாமோ தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: 'வாவியில் காலை வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்த வேளையில்...' (வெட்டியாயிற்று. பயந்துபோய் இருப்பவள் வெயிலையா பார்ப்பாள்?)

அடுத்தது: 'கேதீஸ்வரி, வாவிக்கு மேற்கே பால் சேகரிக்கும் நிலையமொன்றில் பால் அளப்பவள்.' இது இருக்கட்டும். பெயர் நான் வைத்தது. ஊரின் பெயரை எழுதிவிட்டு அழித்தேன், பாலத்தின் பெயரையும்தான். வாவியைக் கடக்கப் பாலங்களுக்கா பஞ்சம்?

2

மேய்ச்சல்தரையில் மாடுகளைச் சுட்டுப் போட்டது யார் என்று மாட்டுப்பட்டிக்காரர் எல்லோருக்கும் தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை. பால் ஊற்ற வந்த சீனித்தம்பி ஒருநாள் அவளிடம் திறந்தார். அவர் சொன்னதை அவள் போனில் பதிவுசெய்தாள். மனுசன் வெள்ளந்தியாக, "நான் பட்டிக்காரன் சீனித்தம்பி கதைக்கிறன்" என்றே தொடங்கிவிட்டார். அந்தக் குரல் பாலத்துக்கு அக்கரையில் டவுனிலுள்ள சட்டத்தரணியிடம் போய்ச்சேர வேண்டும். வேறு கைக்குப் போனால் சீனித்தம்பி வீடு வந்து சேரமாட்டார்.

(வட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பீர்கள். பயந்தவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.)

போனை நம்புவதை அவள் அதற்கு முன்பே விட்டிருந்தாள். காத்தான்குடியில் போன் திருத்தும் றம்ஸீனிடம் கொடுத்து, கம்பனி போட்டிருந்ததைக் கழற்றி, திறந்த மூல இயங்குதளம் ஒன்றை ஏற்றியிருந்தாள்.

"இதுட கோட் எல்லாம் வெளியில கிடக்கு தங்கச்சி. ஆரும் வாசிச்சுப் பாக்கலாம். ஒளிச்சு ஒண்டுமில்ல" என்றான் அவன்.

"ஒளிச்சு ஒண்டுமில்லாததுக்குள்ள நான் ஒளிச்சு வைக்கலாமா?"

"அதுக்குள்ளதான் வைக்கலாம்." சிரித்தான். "ஒஃப் பண்ணித் திருப்பிப் போடக்குள்ள மட்டும் ஒரு எச்சரிக்கை வரும்.* பயப்புடாதீங்க."

* பூட்டை உடைத்து வேறு இயங்குதளம் ஏற்றிய போன்கள் பல, உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் 'இதில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது, நம்ப முடியாமல் இருக்கலாம்' என்று தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வாயே திறக்காது.

3

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மறித்துச் சோதிக்கிற ஆட்கள் கண்ணில் பட்டால் கை தானாகப் போய்ப் போனை அணைக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. சீனித்தம்பியின் குரலோடு டவுனுக்குப் புறப்பட்ட அன்று, பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோடு, சீருடையில்லாத இருவர் நிற்பதைக் கண்டதும் அவளும் ஸ்கூட்டியை ஓரங்கட்டி அணைத்தாள். அணைத்ததும் கொஞ்சம் தைரியம்கூட வந்தது, பாவம்.

"போன் குடுங்க மிஸ்."

கொடுத்தாள்.

"ஏன் ஒஃப் பண்ணி வச்சிருக்கிறது?"

"சார்ஜ் குறைவு."

அவன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்துகள் வந்து நின்றன. மற்ற நாட்களில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுபவை, அன்றைக்குப் போகவே இல்லை. அந்த எழுத்துகளுக்கு அடியில்தான் சீனித்தம்பி இருக்கிறார். அவன் ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"இது என்ன போன், மிஸ்?"

4

(இந்த இடத்தில் ஒரு துரோகி தேவை என்று றம்ஸீனைச் சந்தேகித்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவன் சொன்னதெல்லாம் சரி. அவளைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய பயம். அணைக்காமல் மட்டும் விட்டிருந்தால்...)

ஒரு முடிவு: போனைப் பறித்து வாவிக்குள் எறிகிறாள். (எறிந்தவளைச் சும்மா விடுவார்களா?)

இன்னொன்று: கடவுச்சொல்லைக் கேட்கிறான். சொல்கிறாள். "நான் பட்டிக்காரன் சீனித்..." (இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இது: அவள் ஒரு பொய் சொன்னாள். சின்னப் பொய். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் போனைத் திருப்பித் தந்துவிட்டான்.

5

அந்தப் பொய்யை அப்படியே எழுதினேன். கதையே அதில்தான் எழுந்து நின்றது. வாசித்துக் காட்டியபோது அவள் முகம் வெளுத்துப் போனது.

"அண்ணன், இதை அவனுகளும் வாசிப்பானுகள்தானே?"

அவளை மறைக்க ஊரை மாற்றலாம். சீனித்தம்பி, றம்ஸீன் என்ற பெயர்களும் என் கைச்சரக்குத்தான். ஆனால் பட்டிக்காரர் இன்னும் சிலர் இப்போது வாய் திறந்திருக்கிறார்கள். அவர்களின் குரல்களோடு நாளைக்கும் அவள் அதே பாலத்தால் போக வேண்டும். அதே ஆட்கள் நிற்பார்கள். அதே பொய்தான் திரும்பவும் கைகொடுக்க வேண்டும். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வசனத்தை அழித்துவிட்டேன். அது இருந்த இடம் இதுதான்:

"                                        "

உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படலாம். நீங்களே ஒன்றை யோசித்து நிரப்பி வையுங்கள். அது என்னவென்று யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்தான். பாலம் கண்ணில் பட்டதும் போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.